பட்டியலின் முதல் வரி

விழுப்புரம்
11.5.2025

தையலுக்கு,

ஆறு வருடம் கழித்து உனக்கு எழுதுகிறேன். நலமா என்று கேட்டால், "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா" என்பாய். அதனால் கேட்கவில்லை.

எழுதச் சொன்னது நம் மகள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாலை உனக்கு போன் செய்தேன். "கட்ஆப் நூத்தித் தொண்ணூறு, எந்தக் காலேஜு?" என்று ஆரம்பித்த பேச்சு எங்கே போய் முடிந்தது என்று உனக்கே தெரியும். நான் கத்தியதில் பணிமனையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். நீ கத்தியதற்கும் உன் கடையில் கூட்டம் கூடியிருக்கும். அன்று இரவே கலைமதி நம் இருவருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். "எங் காலேஜ் பத்தி ரெண்டு பேரும் இனிமே போன்ல பேசக்கூடாது. பேப்பர்ல எழுதுங்க. பேப்பர்ல கத்த முடியாது."

நேற்று சனிக்கிழமை வழக்கம்போல இங்கே வந்தவள், கையோடு ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கி வந்தாள். நாற்பத்தாறு வயதில் என்னை உட்கார வைத்துக் கடிதம் எழுத வைத்துவிட்டாள். திண்டிவனம் வண்டியில் போகிற கண்டக்டர் தேவநாதனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் பதிலையும் அவரிடமே கொடு. பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை. "என்னாண்ணே எழுதிக்கிறாங்க அண்ணி?" என்று கேட்கிற ஆள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் இருக்கிற பழைய அரசுப் பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் மூலம் அவளுக்கு இடம் கிடைக்கலாம். கம்ப்யூட்டர் கிடைக்காது, சிவில் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு இருபத்துநாலு வருடமாக பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கிடக்கிறவன். எத்தனையோ இன்ஜினியர்களைப் பார்த்துவிட்டேன். அங்கே படித்து வந்தவர் என்றால் பானெட்டைத் திறந்து பார்க்கிற விதமே வேறு. என் பெண்ணும் அங்கே படித்தவள் என்று நான் சொல்ல வேண்டும்.

நீ நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் பல்கலைக்கழகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஏன் என்று எழுது. காது கொடுத்துக் கேட்கிறேன். ஒப்புக்கொள்வேன் என்று சொல்லவில்லை.

ஜெகதீசன்

திண்டிவனம்
15.5.2025

திரு. ஜெகதீசன் அவர்களுக்கு,

தங்கள் 11.5.2025 தேதியிட்ட கடிதம் கிடைக்கப் பெற்றேன். எனக்கு இப்படித்தான் எழுத வருகிறது. தாலுக்கா ஆபீஸ் எதிரில் பத்து வருடமாக மனு டைப் அடிக்கிறவளிடம் வேறு எதை எதிர்பார்ப்பீர்கள்?

காரணம் கேட்டிருந்தீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் தனியாக ஒரு தேர்வு வைக்கிறது. கலைமதி ஏப்ரலில் எழுதினாள். கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கொடுத்து, கட்டணத்தில் முக்கால்வாசிக்குச் சலுகையும் கொடுத்திருக்கிறார்கள். என் கடை கலை ஜெராக்ஸில் ஒரு நாளைக்கு இருபது, முப்பது பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போடுகிறேன். வருகிற அப்பாக்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஏம்மா, கம்ப்யூட்டர் கெடைக்குமா?" கிடைக்காமல் போகிற முகங்களைத் தினமும் பார்க்கிறேன். நம் பெண்ணுக்குத் தானாக வந்து கதவைத் தட்டுகிறது, நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்.

போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கே பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடம். லிப்டில் போனால் ஏழாவது மாடியில் நூலகம். அதில் ஒரு புத்தகம்கூடக் கசங்கவில்லை. எனக்குத் தலையில் ஒரு தொப்பியும், அவளுக்கு ஒரு பையும் கொடுத்தார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கே அங்கே சேர்ந்து படிக்க வேண்டும் போல இருந்தது.

இன்னொன்று. அந்தக் கல்லூரி பஸ் காலை ஆறு இருபதுக்குத் திண்டிவனம் வருகிறது. சரியாக என் கடை வாசலில் நிற்கிறது. விடுதி, வெளிச் சாப்பாடு, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் யார் என்ற பயம் எதுவும் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஜூன் முடிவதற்குள் இடத்தை உறுதி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தையல்நாயகி

விழுப்புரம்
26.5.2025

தையலுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவளைச் சென்னைக்குக் கூட்டிப் போனேன். நீ தொப்பி வாங்கி வந்தாய். எங்களுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. காவலாளி, "லீவு நாள்ல இன்னா சார் பாக்கப் போறீங்க?" என்றார். பெண் இன்ஜினியருக்குப் படிக்கப் போகிறாள் என்றதும், "அப்டின்னா போய்ப் பாரும்மா, ஜல்தியா வந்துடு" என்று விட்டுவிட்டார்.

சிவப்புக் கட்டடங்கள். சில இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது. மழை பெய்தால் ஒழுகும் என்று நினைக்கிறேன், உண்மையை மறைக்கவில்லை. ஒரு பட்டறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். 1962 என்று பொறித்த லேத் ஒன்று நிற்கிறது. அறுபது வருடத்து இயந்திரம், எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலைமதி, "அப்பா, நீங்க லேத்தக் கட்டிக்கினு அழப் போறீங்களா?" என்று கேலி செய்தாள்.

விடுதிப் பெண்கள் இரண்டு பேரிடம் அவளே போய்ப் பேசினாள். அரைமணி நேரம் பேசினாள். என்ன பேசினாய் என்றால், "சாம்பாரு தண்ணியா இருக்குமாம்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது உனக்கு ஒன்று எழுத வேண்டும், கோபித்துக்கொண்டாலும் சரி. நீ அடுக்கிய காரணங்களில் நிஜமானது ஒன்றுதான். ஆறு இருபது பஸ். பெண் கையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக ஒரு படிப்பா? பஸ் வாசலில் நிற்கிறது என்பதற்காகத்தான் சேர்ப்பது என்றால் எங்கள் பணிமனையில் நூறு பஸ் நிற்கிறது, இங்கேயே சேர்த்துவிடலாம்.

ஜெகதீசன்

திண்டிவனம்
30.5.2025

திரு. ஜெகதீசன் அவர்களுக்கு,

பேப்பரில் கத்த முடியாது என்று பிள்ளை தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள். உங்களுக்கு முடிகிறது.

ஆமாம், அவள் என்னோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதில் என்ன குற்றம்? திங்கள் முதல் வெள்ளி வரை என்னிடம், சனியும் ஞாயிறும் உங்களிடம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்களே, அந்தத் திங்களும் வெள்ளியும் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது யார்? நீங்கள் பார்த்தது தலை வாரி, பூ வைத்து, பஸ் ஏறி வருகிற பெண்ணை. பரீட்சைக்கு முன்னால் சாப்பிடாமல் தட்டைத் தள்ளுகிற பெண்ணைப் பார்த்தது நான்.

என்னை நோண்டினீர்கள், நானும் நோண்டுகிறேன். சென்னைதான் வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நிற்பது லேத்துக்காகவா? அவள் விடுதிக்குப் போனால் என் வீடு காலியாகிவிடும். அது உங்களுக்குத் தெரியாதா?

பழையதைக் கிளறக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் விழுப்புரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையை மூடிவிட்டு வா என்றீர்கள். நான் தயங்கினேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், பதினோரு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, "கடையா, நானா? ஒண்ணச் சொல்லு" என்றீர்கள். அந்தக் கடையை நான்கு வருடம் கஷ்டப்பட்டு நிற்க வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு என் கடை வாசலை மிதிக்கவில்லை. எப்போதாவது கலைமதியோடு வந்தாலும் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிப் போகிறீர்கள். இருந்துவிட்டுப் போங்கள். பிள்ளையின் படிப்பில் மட்டும் அந்தக் கோபத்தைக் காட்டாதீர்கள்.

தையல்நாயகி

விழுப்புரம்
13.6.2025

தையல்நாயகிக்கு,

நேற்று வியாழக்கிழமை. மூன்று மணிக்குக் கலைமதி பணிமனை வாசலில் வந்து நின்றாள். சனிக்கிழமை வருகிற பெண் வியாழக்கிழமை வந்து நிற்கிறாள், தோளில் பள்ளிக்கூடப் பை, கையில் துணி மூட்டை. வீட்டுக்குக் கூட்டி வந்து, சோறு போட்டு, திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு ஒரே வாக்கியம் சொன்னாள்.

"அம்மா என்னக் கேக்காமலே அந்தக் காலேஜ்ல கன்பார்ம் பண்ணிடுச்சுப்பா. ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொண்டும்போய்க் குடுத்துடுச்சு."

இது நிஜமா? அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் அங்கே இருந்தால் சென்னையில் இடம் கிடைத்தாலும் எதைக் காட்டிச் சேர்வாள்? எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் இதைச் செய்தாயா?

அவள் இங்கேயே இருக்கட்டும். நீ வர வேண்டாம்.

ஜெ.

திண்டிவனம்
16.6.2025

கலைமதி அப்பாவுக்கு,

நிஜம்தான்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஓமந்தூரிலிருந்து பெரியசாமி என்று ஒருவர் மகனோடு வந்திருந்தார். அதே பல்கலைக்கழகம், அதே கம்ப்யூட்டர் சயின்ஸ். அவருக்கு எல்லாம் நிரப்பி, உறுதி என்ற பட்டனை அழுத்திக் கொடுத்தேன். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்து உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் அதேதான். அவர்கள் போனதும் கலைமதியின் பக்கத்தைத் திறந்தேன். சும்மா பார்க்கத்தான் திறந்தேன் என்று உங்களிடம் சொல்லலாம், ஆனால் பொய். கை தானாகப் போய் அழுத்திவிட்டது. நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்கு அழுத்திப் பழகிய கை. அவர்களிடமாவது, "அழுத்தட்டுமா?" என்று ஒருமுறை கேட்பேன். என் பிள்ளையிடம் அதைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் அசல் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றார்கள். அழுத்தியாகிவிட்டதே, இனிமேல் என்ன என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வியாழக்கிழமை காலை அவள் பீரோவில் சான்றிதழ் பைலைத் தேடினாள். சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "கடையில எல்லாரையும் கேட்டுதானம்மா லிஸ்ட் போடுவ?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணியை மூட்டை கட்டினாள்.

நான்கு நாளாக ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அவளிடம் கேட்க முகம் இல்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள். சாப்பிடுகிறாளா என்றும் எழுதுங்கள்.

தையல்

விழுப்புரம்
22.6.2025

தையலுக்கு,

சாப்பிடுகிறாள். கேப்பைக் களி கிண்டினேன், கட்டி விழுந்துவிட்டது. அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்று மதியம் விக்கிரவாண்டியில் பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். ஊருக்கு முன்னால் பாலம் வருகிறதே, அங்கே நிறுத்தச் சொன்னாள். இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். கீழே தண்ணீர் இல்லை, மணலும் சீமைக் கருவேலும்தான். அங்கே நின்றுதான் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் கேட்க வேண்டும்.

"போன டிசம்பர் வெள்ளத்துல ஞாயித்துக்கெழம நான் திண்டிவனம் போன பஸ்ஸு இங்கதாம்பா நின்னுச்சு. ஆறு மணி நேரம். நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போன் பண்ணிக்கினே இருந்தீங்க. மழையில யாரு அனுப்பச் சொன்னதுன்னு நீங்க அம்மாவத் திட்டுறீங்க, அம்மா உங்களத் திட்டுது. நான் போன ஆப் பண்ணிட்டேன். அப்ப ஒருத்தர் ரெயின்கோட்டு போட்டுக்கினு பாலத்துமேல நின்னுக்கினு இருந்தாரு. தூண்ல நம்பர் எழுதியிருக்கும் பாருங்க, அதப் பாத்துப் பாத்துக் தண்ணி எவ்ளோ இருக்குன்னு கால் மணிக்கு ஒருவாட்டி சத்தமா சொல்லுவாரு. போலீசு, டிரைவரு எல்லாம் அவரு வாயத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. ராத்திரி பத்து மணிக்கு அவரு, 'தூணு தாங்கும், ஒவ்வொரு வண்டியா வுடுங்க'ன்னாரு. அப்பறம்தான் பஸ்ஸு போச்சு. எறங்கிப் போயி அவர என்ன படிச்சீங்கன்னு கேட்டேன். சிவில்னாரு. எனக்கு அந்த வேல வேணும்பா. நீங்க காலேஜ் பேரப் பாக்கறீங்க, அம்மா பஸ்ஸப் பாக்குது. நான் என்ன படிக்கணும்னு ரெண்டு பேருமே கேக்கல."

தையல், என் பெண் சொன்னதுதான் சரி. நான் கேட்கவில்லை. சிவில் என்று நான் எழுதியதுகூட, கம்ப்யூட்டர் கிடைக்காது என்பதால் எழுதியது.

போன மாதக் கடிதத்தில் நீ என்னை ஒன்று கேட்டிருந்தாய். அவள் விடுதிக்குப் போனால் உன் வீடு காலியாகும் என்று எனக்குத் தெரியாதா என்று. தெரியும். வாரத்தில் ஐந்து நாள் காலி வீட்டில் சமைத்துச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டுமே என்று ஒரு மூலையில் நினைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு இருப்பது சனி, ஞாயிறு மட்டும், அதுவும் சேர்ந்து போகும் என்பதுகூடப் புத்தியில் ஏறவில்லை, அவ்வளவு வீம்பு.

பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் கேட்டேனே ஒரு கேள்வி, அதையேதான் இப்போது இரண்டு பேரும் சேர்ந்து அவளிடம் கேட்டிருக்கிறோம், வேறு வேறு பெயர் வைத்து.

நாளைக் காலை தேவநாதன் வண்டியில் அவளை ஏற்றிவிடுகிறேன். மல்லாட்டை, புதுக் கடலை, அவித்து ஒரு பை கொடுத்துவிடுகிறேன். அவளுக்கு மட்டும் இல்லை.

ஜெகதீசன்

திண்டிவனம்
28.6.2025

கலைமதி அப்பாவுக்கு,

மல்லாட்டை கிடைத்தது. உப்பு அதிகம்.

உங்கள் கடிதத்தில் அந்தக் காலி வீட்டு வரியை மூன்று முறை படித்தேன். கோபம் வர வேண்டும், வரவில்லை. நான் அந்தப் பட்டனை அழுத்தியபோது என் மனதிலும் அழகாக ஒன்றும் இல்லை.

கலைமதி வந்த அன்று அவள் எதிரில் உட்கார்ந்து, "நீ என்னம்மா படிக்கணும்?" என்று கேட்டேன். பதினேழு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. "சிவில்" என்றாள். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் சிவில் இருக்கிறதா என்று தேடினேன். ஆள் சேரவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்களாம். அவ்வளவு தொப்பி கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று ரேங்க் பட்டியல் வந்துவிட்டது. போன வருடம் சென்னையில் சிவிலுக்குக் கடைசியாக இடம் கிடைத்தவரைவிட இவளுக்கு அரை மதிப்பெண்தான் குறைவு. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் அசல் சான்றிதழ் வேண்டும் என்றால் இங்கே உறுதி செய்ததை ரத்து செய்தாக வேண்டும், அதுவும் முப்பதாம் தேதிக்குள். கையில் இருப்பதை விட்டால்தான் அதற்குக் கை நீட்ட முடியும்.

இன்று இரண்டு பேரும் போனோம். கவுன்டரில் இருந்த பையன் நல்ல பையன். "நல்ல சீட்டு மேடம், அங்க கெடைக்கலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று பதறினான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். கலைமதிதான் பதில் சொன்னாள். "கெடைக்கலன்னா எங்க ஊர்லயே கவர்மென்ட் காலேஜ்ல சிவில் இருக்கு, அதுல படிப்பேன்." வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "திண்டிவனமா விழுப்புரமான்னு மறுபடி ஆரம்பிச்சுடாதீங்க" என்றாள்.

ரத்து என்ற பட்டனை அவளே அழுத்தினாள். சான்றிதழ்கள் திரும்ப வந்துவிட்டன. தொப்பியை அவர்கள் கேட்கவில்லை.

தையல்

விழுப்புரம்
2.7.2025

தையலுக்கு,

நீ போய் நின்று வாங்கி வந்ததைத் தேவநாதனிடம் சொன்னேன். "அண்ணி பெரிய ஆளுண்ணே" என்றார். ஆமாம் என்றேன்.

அரை மதிப்பெண். நாலு நாளாக எனக்கும் அதே நினைப்புதான். கலைமதியிடம் காட்டிக்கொள்ளாதே.

கவுன்சலிங் விண்ணப்பத்தில் அவள் என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். விருப்பப் பட்டியலைப் பூட்டும்போது ஓ.டி.பி. எனக்குத்தான் வரும். போன மாதம் என்றால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு உன்னை ஆட்டியிருப்பேன். இப்போது போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன்.

ஜெகதீசன்

திண்டிவனம்
16.7.2025

கலைமதி அப்பாவுக்கு,

இன்று மாலை உங்களுக்கு நான் போன் செய்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. உங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு நிமிடம்தான். இந்தப் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்.

பட்டியலைப் பூட்ட இன்று ஐந்து மணி வரைதான் நேரம். மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினேன். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற என் நாற்காலியில் கலைமதியை உட்கார வைத்தேன். நான் எதிரில், வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்து வருடத்தில் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் திரை தெரியவில்லை, உட்கார்ந்திருப்பவரின் முகம்தான் தெரிகிறது. இத்தனை அப்பா அம்மாக்கள் என் முகத்தையே ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

எதை முதலில் போடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நாற்பது நிமிடம் போட்டாள். பிறகு, "அழுத்தட்டுமாம்மா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுத்தும்மா" என்றேன்.

ஓ.டி.பி. கேட்டது. உங்களுக்குப் போன் செய் என்று அவளிடம் சொன்னேன். போனை என் கையில் கொடுத்து, "நீயே கேளு, காலேஜ் பத்திப் பேசாம நம்பர மட்டும் கேளு" என்றாள். மூன்றாவது மணியில் எடுத்தீர்கள். பின்னால் ஏதோ என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. "ஓ.டி.பி. வந்துச்சா?" என்றேன். ஆறு எண் சொன்னீர்கள். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். "செரியா?" என்றீர்கள். "செரி" என்றேன். அதற்குப் பிறகு நீங்களும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கலைமதி பூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் வைத்தேன்.

அச்செடுத்த தாளை இப்போது முன்னால் வைத்திருக்கிறேன். முதல் வரி சென்னை, சிவில். இரண்டாவது விழுப்புரம், மூன்றாவது திண்டிவனம். உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஏன் விழுப்புரம் எனக்கு முன்னால் என்று கேட்டுவிட்டேன். "அங்க லேப் நல்லாருக்கும்மா" என்கிறாள். இருக்கட்டும்.

தையல்

விழுப்புரம்
20.7.2025

தையலுக்கு,

உனக்கு முன்பே தெரிந்திருக்கும், ஆனாலும் நானும் எழுதிவிடுகிறேன். செய்தி என் போனுக்கு வந்தபோது நான் கியர் பாக்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். கை முழுக்க கிரீஸ். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டி, "முதல் வரில என்னா போட்டுக்குது பாரு" என்றேன். அவர் படித்தார். சென்னை. சிவில். அரை மதிப்பெண்ணுக்குப் பயந்த பயம் அவ்வளவும் வீண். வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு அழுதேன். கிரீஸ் கையோடு முகத்தைத் துடைத்ததில் இரண்டு நாள் சிரித்தார்கள்.

தேவநாதன் அன்றைய திண்டிவனம் வண்டியில் ஏறின எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தாராம். என்னிடம் சொல்லவே இல்லை.

காலேஜ் விஷயம் முடிந்துவிட்டது. அவள் போட்ட விதிப்படி இனி எழுத வேண்டியதில்லை. நோட்டில் இன்னும் நாலு தாள் மீதி இருக்கிறது. நேற்று சனிக்கிழமை அவள் இங்கே வந்தாள். இன்னும் இரண்டு சனிக்கிழமைதான். அதை நினைத்துக்கொண்டே தோசை ஊற்றினேன், தீய்ந்துவிட்டது.

விடுதி விண்ணப்பத்தோடு பார்வையாளர் அட்டை ஒன்று கேட்கிறார்கள். அப்பா, அம்மா இரண்டு பேர் படமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கீழே இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த அட்டை இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க உள்ளே விடுவார்கள். இங்கே ஸ்டூடியோவில் என் படத்தை எடுத்துத் தேவநாதனிடம் கொடுத்துவிடவா? எது வசதி என்று எழுது.

ஜெகதீசன்

திண்டிவனம்
22.7.2025

மாமாவுக்கு,

ஸ்டூடியோவில் எடுக்க வேண்டாம்.

உங்கள் பழைய படம் ஒன்று கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்பு ரேஷன் கார்டுக்காக நானே எடுத்தது. மீசை கருகருவென்று இருக்கிறது. அதைப் பக்கத்தில் ஒட்டினால் விடுதிக் காவலாளி என்னை உங்கள் அக்கா என்று நினைப்பார். ஆறு மாதத்துக்குள் எடுத்த படம்தான் செல்லும் என்று விண்ணப்பத்திலும் போட்டிருக்கிறது.

கேமரா என்னிடம் இருக்கிறது. வெள்ளைத் திரையும் இருக்கிறது. கடைக்கு வாருங்கள்.

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. ஊரெல்லாம் நான் கடை என்று சொன்னதாகத்தான் நினைக்கிறது, நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். எனக்குக் கடையும் வேண்டும், நீங்களும் வேண்டும். இப்போது விவரம் தெரிந்து எழுதுகிறேன். கலைமதிக்குப் பட்டியலில் எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம் என்று கொடுத்தார்கள். எனக்கு நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி.

சனிக்கிழமை கலைமதி விழுப்புரம் வர மாட்டாள். அவளும் கடையில்தான் இருப்பாள். ஒன்பது மணிக்கு ஷட்டரைத் திறப்பேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள், திரையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நீலக் கட்டம் போட்டது இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தையல்